திருகோணமலைக் குறிப்புகள்: போராட்டப் பொருட்களைத் தேடி

வெள்ளி

ஒரு போராட்டம் முடிந்த மறுநாள் அதன் பதாகைகள் எங்கே போகின்றன? இந்தக் கேள்வியோடுதான் திருகோணமலைக்கு வந்திருக்கிறேன். பழைய துண்டுப்பிரசுரம், கடிதம், படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கும் சிறு குழு ஒன்றில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறேன். எங்கள் சேகரிப்பில் திருகோணமலை என்று எழுதிய உறைகள் மிக மெல்லியவை. இந்த மாவட்டம் கண்ட போராட்டங்களை நினைத்தால் அந்த மெலிவு மனதை உறுத்துகிறது.

மத்தியானம் டொக்யாட் வீதியில் உள்ள கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஒல்லாந்தர் காலத்து மாடிக் கட்டடம். தடித்த சுவர், அகன்ற விறாந்தை, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. கட்டடத்தைத் திருத்தி எடுத்தவர்கள் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். துறைமுகம், கடல்வாழ் உயிரினங்கள், வந்துபோன ஐரோப்பியர், கப்பல்கள் என்று கதை போகிறது. உவர்மலையில் இராணுவத்தின் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. கடற்படைத் தளத்துக்குள் ஹூட்ஸ் டவரில் இன்னொன்று. இந்த ஊரில் பீரங்கிக்கும் கப்பலுக்கும் இருப்பிடம் கிடைத்திருக்கிறது. வீதியில் இறங்கிய சனத்தின் பொருட்களுக்கு இன்னும் இல்லை.

அதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டதையே தொல்பொருள் என்று வரையறுக்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் திகதி அது. அதற்குப் பிறகு வந்த கடதாசியும் துணியும் தானாக அந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னியா வெந்நீரூற்றில் தொல்லியலின் பேரால் பிள்ளையார் கோயில் காணியில் நடந்த இழுபறியைத் திருகோணமலைத் தமிழரைக் கேட்டால் தெரியும். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. பாதுகாக்கிறோம் என்று பலகை நட்டால் காணி போய்விடும் என்ற பயம் ஊர்களில் இருக்கிறது. அந்தப் பயத்தோடு இருப்பவர்களிடம் போய் "உங்கள் பொருளைத் தாருங்கள், பாதுகாக்கிறோம்" என்று சொல்வது லேசான காரியம் அல்ல.

பின்னேரம் கோட்டை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வாசல் தூணில் இரட்டைக் கயல் பொறித்த கல். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் செய்ததைப் பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டுத் துண்டும் அங்கேதான். போர்த்துக்கீசர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தார்கள். இடித்தவனின் சுவருக்குள்ளேயே இடிபட்டதன் சாட்சி நிற்கிறது. கல் என்றபடியால் தப்பியது. எங்கள் காலத்துச் சாட்சிகள் கடதாசியிலும் பிளெக்ஸிலும் தொலைபேசியிலும் அல்லவா இருக்கின்றன?

சனி

காலையில் சந்தைப் பக்கம், மணிக்கூட்டுக் கோபுரம். 1957 பெப்ரவரி 4 சுதந்திர தினத்தன்று கறுப்புக் கொடி ஏற்ற முயன்ற நடராசன் என்ற இளைஞர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். திருமலை நடராசன் என்றே இன்றும் நினைவுகூரப்படுகிறார். அதற்கு முந்திய வருடம் ஓகஸ்டில்தான் திருமலை யாத்திரை. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த கையோடு வடக்கிலும் கிழக்கிலும் இருந்து சனம் கால்நடையாகத் திருகோணமலைக்கு வந்து, தமிழரசுக் கட்சி மாநாட்டில் கூடியது. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் திருகோணமலைக் கச்சேரிக்கும் பரவியது. கட்சி வரலாறுகளில் இவை எல்லாம் வரிவரியாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் நடந்துவந்த ஒருவரின் செருப்போ, அவர்களுக்குச் சோறு கொடுத்த வீடுகளின் பெயர்களோ எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இல்லை.

உவர்மலைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு நண்பர் கூட்டிப்போனார். ஆசிரியரின் தகப்பனார் அறுபத்தொன்றில் கச்சேரி வாசலில் இருந்தவர். ஆசிரியர் அலுமாரிக்குள் இருந்து பழைய கொப்பி ஒன்றை எடுத்தார். கொப்பிக்குள் துண்டுப்பிரசுரம் ஒன்று. நடுவால் கிழிந்ததை யாரோ செலோட்டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். டேப்பின் பிளாஸ்டிக் கழன்று போய்விட்டது. பசை மட்டும் கடதாசிக்குள் ஊறி, மண்ணிறப் பட்டையாக நின்றது. அந்தப் பட்டையின் கீழே இரண்டு வரியை வாசிக்கவே முடியவில்லை. எலி கடித்த மூலையில்கூட எழுத்துத் தப்பியிருந்தது. அக்கறையோடு ஒட்டிய இடத்தில்தான் அழிந்திருக்கிறது.

"தம்பி, இதை எங்கயாவது குடுக்கவேணும் எண்டு கனகாலமா யோசிக்கிறன். ஆரிட்டக் குடுக்கிறது? கொழும்புக்கு அனுப்பினா இஞ்ச இருக்கிற பிள்ளையள் எப்ப பாக்கிறது?"

அவர் கேட்டதில் உள்ளூர் அருங்காட்சியகம் ஏன் வேண்டும் என்பதற்கான நியாயம் முழுக்க இருக்கிறது. பொருள் நடந்த இடத்திலேயே இருந்தால்தான் அதைப் பார்க்க வருகிறவர் "இவர் என்ர பெரியப்பா" என்று சொல்லி இன்னொரு கதையைச் சேர்ப்பார்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அடிமை வணிகத்தில் பணம் சேர்த்த எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர் கயிறு கட்டி இழுத்து விழுத்தித் துறைமுகத்துக்குள் தள்ளினார்கள். நாலு நாளில் நகரசபை அதைத் தண்ணீரில் இருந்து எடுத்தது. திருப்பி நிமிர்த்தி வைக்கவில்லை. எம் ஷெட் என்ற நகர அருங்காட்சியகத்தின் பராமரிப்பாளர்கள் சேற்றைக் கழுவினார்கள், ஆனால் போராட்டக்காரர் பூசிய சிவப்பு, நீலச் சாயத்தை உதிராமல் காப்பாற்றினார்கள். கழுவும்போது கோட்டின் பின்பகுதிக்குள் இருந்து 1895ஆம் ஆண்டுச் சஞ்சிகை ஒன்று கிடைத்தது. சிலையைப் பொருத்திய தொழிலாளர் தங்கள் பெயரை அதில் எழுதி வைத்திருந்தார்கள். 2021இல் சிலையை நிமிர்த்தாமல் படுத்தபடியே காட்சிக்கு வைத்து, அன்று பீடத்தைச் சுற்றி விட்டுப்போன பதாகைகளையும் பக்கத்தில் வைத்தார்கள். இதை என்ன செய்யலாம் என்று ஊராரிடம் கேட்டார்கள். அருங்காட்சியகத்திலேயே இருக்கட்டும் என்றார்கள் பெரும்பாலானோர்.

ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க நகரசபை சனத்திட்டக் கேட்டது" என்றார். அவர் அழுத்திச் சொன்ன இடம் சரியான இடம். அங்கே நிறுவனத்துக்கு ஊரை நம்பவும் ஊருக்கு நிறுவனத்தை நம்பவும் ஓரளவு இடம் இருந்தது. இங்கே அந்த நம்பிக்கையைத்தான் முதலில் கட்டவேண்டியிருக்கிறது.

மாலை கடற்கரை, காந்தி சிலை. குழந்தைகள் பட்டம் விட, கடலை விற்பவர் சத்தம் போட, நல்ல கூட்டம். 2006 ஜனவரி 2 மாலை இதே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்ததாக முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகைக்கு எழுதிய சுப்பிரமணியம் சுகிர்தராஜன் ஆஸ்பத்திரியில் அந்த உடல்களைப் படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. ஜனவரி 24ஆம் திகதி காலை சுகிர்தராஜனும் இந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைதான பொலிஸ் விசேட அதிரடிப் படையினர் உட்பட 13 பேரையும் 2019இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது.

ஆவணப்படுத்துகிறோம், ஆவணப்படுத்துகிறோம் என்று பட்டறைகளில் நாங்கள் எளிதாகச் சொல்லிக்கொள்கிறோம். இந்த ஊரில் ஒருவர் அதற்கு உயிரைக் கொடுத்திருக்கிறார். அவருடைய படங்கள் இல்லாவிட்டால் கைக்குண்டுக் கதைதான் எழுதப்பட்ட வரலாறாக நின்றிருக்கும். திருகோணமலையில் மக்கள் அருங்காட்சியகம் என்று ஒன்று எப்போதாவது வந்தால், முதல் அறை அவருடையதாக இருக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

ஞாயிறு

கிண்ணியாப் பாலம், மூதூர், அங்கிருந்து சம்பூர்.

2006இல் யுத்தம் சம்பூரை முழுதாகக் கிளப்பி விட்டது. சனம் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தது. திரும்பிப் போகலாம் என்ற நேரத்தில் காணி முதலீட்டு வலயத்துக்கும் கடற்படை முகாமுக்கும் போயிருந்தது. கூடவே இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்டிபிசியோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டும் திட்டம். முகாமில் இருந்தபடியே இந்தச் சனம் மனு எழுதியது, வழக்குப் போட்டது, வீதியில் நின்றது. 2015இலும் 2016இலும் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டன. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. சாதாரணக் குடும்பங்கள் பத்து வருடம் விடாமல் நின்று பெற்ற வெற்றி இது. நாட்டின் சுற்றுச்சூழல் வரலாற்றில் பெரிய அத்தியாயம். இப்போது அதே ஊரில் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் வைத்திருக்கிறார்கள். காலம் அப்படி ஓடும்போது நிலக்கரிக்கு எதிராக நின்றதன் தடயம் இன்னும் வேகமாகக் கரைந்துவிடும்.

ஒரு அம்மா தன் வீட்டுக்குள் இருந்து மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிவந்தார். அதற்குள் முகாம் நிவாரண அட்டை, மனுக்களின் போட்டோப் பிரதிகள், காணி உறுதியின் பிரதி, கூட்டங்களுக்குப் போனபோது வாங்கிய கடிதங்கள். அடியில் எட்டாக மடித்த பிளெக்ஸ் பதாகை.

"இது கிடக்கட்டும் எண்டு வெச்சன் மகன். எரிக்க மனசு வரல்ல. கூரைக்குப் போடக் கேட்டவங்க, நான் குடுக்கல்ல."

திண்ணையில் விரிக்கத் தொடங்கினோம். விரியவில்லை. அச்சடித்த முகம் அச்சடித்த முகத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தது. பிளெக்ஸ் என்பது பொலியெஸ்டர் வலைமேல் பிவிசி பூசியது. அதை வளையப் பண்ணும் எண்ணெய்ப் பொருள் சூட்டில் மெல்லக் கசிந்து மேலே வரும். மடித்து வைத்தால் மையையும் சேர்த்து ஒட்டிவிடும். இழுத்தால் எழுத்து மறுபக்கத்துக்குப் போய்விடும். அதனால் பலவந்தம் பண்ணாமல், விரிந்த அளவுக்கு மட்டும் படம் எடுத்தோம். "எங்கள் நிலம்" வரைக்கும் தெரிந்தது. அதற்கு அப்பால் நீல மை பழைய காயத்தின் பொருக்குப் போல வெடித்திருந்தது.

பிளெக்ஸை மடிக்கவே கூடாது. அகலமான குழாயில், எழுத்து வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுற்றி, இடையில் கழுவிக் காய்ந்த பழைய பருத்திச் சீலையை வைத்தாலே போதும். செலவு பெரிதில்லை. துணிக்கும் கடதாசிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ், ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கிட்ட என்று அருங்காட்சியகக் கைநூல்கள் சொல்லும். உப்புக் காற்று அடிக்கும் சம்பூரில் ஓட்டு வீட்டுக்குள் அதை எதிர்பார்க்க ஏலாது. நிலத்தில் இருந்து உயரம், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, வெயில் படாத இடம், மாதத்துக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுவது. இவ்வளவைச் செய்தாலே இன்னும் பல வருடம் இருக்கும்.

வாளியை மூடும்போது அந்த அம்மா குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். "இதெல்லாம் உங்கட கையில போனா, பிறகு எங்கட பிள்ளையளுக்குப் பிரச்சினை வராதா?"

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 மே மாதம், இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காக இதே சம்பூரில் மூன்று பெண்கள் உட்பட நான்கு பேரைக் கைது செய்தார்கள். கஞ்சிக்கே சிறை என்றால் படத்துக்கு என்ன? எங்கள் குழுவுக்குள் இதுபற்றி எப்போதும் வாக்குவாதம். எல்லாவற்றையும் உடனே இணையத்தில் போடவேண்டும் என்பார்கள் சிலர். நான் அதற்கு எதிர். முகம் தெரியும் படத்தை அந்த முகத்துக்குரியவர் சம்மதிக்கும்வரை மூடித்தான் வைக்கவேண்டும், தேவையென்றால் இருபது வருடம். சேமிப்பதற்கும் வெளியிடுவதற்கும் இடையில் உள்ள வேறுபாட்டை மறந்தால், காட்டிக்கொடுப்பவனின் வேலையை நல்லெண்ணத்தோடு நாங்களே செய்துவிடுவோம்.

இரவு அறைக்கு வந்ததும் இளைஞர் ஒருவர் தேடிவந்தார். 2019 ஜூலையில் கன்னியாவுக்குத் தென்கயிலை ஆதீனம் என்ற சைவ மடத்தின் முதல்வரோடு போனவர்களை மறித்து, ஆதீன முதல்வர் மேல் சூடான தேநீர் ஊற்றிய அன்று அவரும் அங்கே நின்றவர். தொலைபேசியில் வீடியோ எடுத்திருக்கிறார். அந்தத் தொலைபேசி பழுதாகிவிட்டது. இப்போது இருப்பது வட்ஸ்அப்பில் நாலு கை மாறித் திரும்பி வந்த பிரதி. வட்ஸ்அப் கோப்பைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம் முதலான விபரங்களும் போய்விடும். படம் இருக்கிறது, எப்போது எடுத்தது என்று நிரூபிக்க வழி இல்லை. 2022 மே 10, பிரதமர் பதவியில் இருந்து விலகிய மஹிந்த ராஜபக்ஷ திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்து தஞ்சம் புகுந்தபோது தள வாசலில் சனம் கூடியதே, அதற்கும் இதே நிலைமைதான். பழைய தொலைபேசியை எறியவேண்டாம், கடைக்காரரிடம் கொடுத்து மெமரியை எடுக்கப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கள்

இன்று எழுதுவது கடினமாக இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் மார்ச்சில் திருகோணமலைக்கும் வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினமான ஓகஸ்ட் 30 அன்று ஒவ்வொரு வருடமும் இந்தத் தாய்மார் படங்களோடு நிற்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவரைச் சந்தித்தேன். ஊரும் பேரும் சொல்லவில்லை.

மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்து லமினேட் செய்தது. வெயிலில் பிடித்துப் பிடித்து நீலம் மங்கிச் சிவப்பேறிவிட்டது. இடது மூலையில் பிளாஸ்டிக் பிரிந்து, அதனூடாக மழைத்தண்ணீர் போன கறை தோள்வரைக்கும் ஏறியிருக்கிறது. கீழ் விளிம்பில், இரண்டு பெருவிரலும் பிடிக்கும் இடத்தில் மட்டும், பிளாஸ்டிக் தேய்ந்து மங்கலாக இருந்தது. பின்பக்கம் போல்பொயின்ட் பேனையால் பெயர், பிறந்த திகதி, கொண்டுபோன திகதி, முறைப்பாட்டு இலக்கங்கள். இலக்கம் கூடக்கூட எழுத்து சின்னதாகிக்கொண்டு போகிறது. இடம் காணாது.

எந்த அருங்காட்சியகத்திலும் வைக்கத் தகுந்த ஆவணம். கேட்கத்தான் வேண்டும் என்று கேட்டேன்.

"கனபேர் கேட்டு வாங்கிக்கொண்டு போனவங்க மகன். விசாரணைக்கு எண்டும் குடுத்தன். ஒண்டும் திரும்பி வரல்ல. இன்னும் என்ர பிள்ளை வரல்லையே. நாளைக்கு நான் எதைக் கொண்டு போய் நிக்கிறது?"

எனக்கு இந்தப் பயணத்தின் பதில் அங்கேதான் கிடைத்தது. சமகாலப் போராட்டத்தின் பொருள் இன்னும் வேலையில் இருக்கிறது. அதை வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்தால் போராட்டத்தின் கையில் இருந்து பறித்ததாகும். இலண்டன் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகம் 2014இல் போராட்டப் பொருட்களை மட்டும் வைத்துக் காட்சி நடத்தியபோது, பலதை இயக்கங்களிடம் இருந்து இரவலாகவே வாங்கியது. தென்கொரியாவின் குவாங்ஜூ நகரத்தில் இராணுவ ஆட்சிக்கு எதிராக நடந்த 1980 மே எழுச்சியின் ஆவணங்களை 2011இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சாதாரணக் குடிமக்களின் நாட்குறிப்புகளும் ஆஸ்பத்திரிப் பதிவுகளும் அதில் உண்டு. முப்பது வருடம் அவற்றை யாரோ கட்டிக் காத்ததால்தான் பிறகு பதிவேடு வந்தது.

ஆகவே திருகோணமலைக்கு இப்போதைக்குத் தேவை கட்டடம் அல்ல என்று நினைக்கிறேன். வீடு வீடாகப் போய், உரியவர் முன்னாலேயே இரு பக்கத்தையும் பதிந்து, பொருளை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்கும் குழு தேவை. யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம், மனம் மாறினால் எப்படி எடுக்கலாம் என்று அவர்கள் வாயால் சொல்வதை எழுதி, கையொப்பத்தோடு ஒரு பிரதியை அவர்களிடமே விடவேண்டும். பதிவுகளை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று இடத்திலாவது, ஒன்று நாட்டுக்கு வெளியே. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தபோது 97,000 நூல்கள் போனதை அறிந்த நாங்கள் இதை யாரிடமும் படிக்கத் தேவையில்லை. வெளியிடச் சம்மதம் கிடைத்தவற்றுக்கு 2005 முதல் இணையத்தில் இயங்கும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் போல வழிகளும் இருக்கின்றன.

இதை அந்தத் தாய்க்கு விளங்கப்படுத்தினேன். நிறைய யோசித்தார். தானே வாசலில் வெளிச்சமான இடத்துக்கு வந்து, படத்தைப் பாயில் வைத்து, எடுங்கோ என்றார். லமினேட்டைப் பிரிக்கவில்லை, பிரித்தால் மையும் சேர்ந்து உரியும். முன்பக்கம், பின்பக்கம், பிறகு ஒவ்வொரு இலக்கமும் வாசிக்கும்படி கிட்டத்தில். டவுனுக்குப் போய்ப் புதிய பிரதி ஒன்று அடித்து, லமினேட் செய்யாமல் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். இனி வீதிக்கு அதைக் கொண்டுபோகலாம், பழையதை வெயில் படாமல் வீட்டில் வைக்கலாம். பின்பக்கத்து எழுத்தும் புதியதில் இருக்கவேண்டும் என்றார். அதையும் அடித்து ஒட்டினோம். இலக்கங்களுக்குக் கீழே வெற்றிடம் கூடுதலாக விடச் சொன்னார், இன்னும் எழுதவேண்டி வரும் என்று.

உவர்மலை ஆசிரியர் தன் வீட்டு முன் அறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓகஸ்ட் 30க்கு முன்னர் ஸ்கேனரோடு மறுபடி வருகிறோம். திருகோணமலை, மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் யாரிடமாவது துண்டுப்பிரசுரம், மனு, பதாகை, பழைய தொலைபேசி இருந்தால் வைத்திருங்கள். தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ, இந்த மாவட்டத்தில் நியாயம் கேட்டு நின்ற எவருடையதும் வேண்டும். ஒட்டவேண்டாம், லமினேட் செய்யவேண்டாம், மடிக்கவேண்டாம். யார், எங்கே, எப்போது என்று தனிக் கடதாசியில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். வீட்டுக்கே வருவோம்.